தம்பிக்கு எடுத்து வைத்த நெஞ்செலும்பு

அண்ணன் இருந்தான், வெட்டுக்கட்டைக்குப் பின்னால். என் மனைவி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கல்லாவில் உட்காருவது அவள்தான். மூன்றாவது தெரு பேங்க் சார் இருந்தார், கையில் ஒயர் கூடையோடு. ஒரு டீச்சரம்மா, கால் கிலோ கொத்துக்கறிக்கு. மேடவாக்கத்தில் தண்ணி லாரி ஓட்டுகிற ஒருவர், லாரியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு அவசரத்தில் நின்றார். கொக்கியில் இரண்டு ஆடு. மூன்றாவது ஆடு என் தோளில்.

கீழ்க்கட்டளையில் எங்கள் கறிக்கடை. தொட்டி என்று நாங்கள் சொல்லும் அறுப்புக்கூடத்திலிருந்து காலையில் ஆட்டோவில் உரித்த ஆடுகள் வரும். ஆட்டைத் தோளில் போட்டுக் கடைக்குள் வந்து, ஒரே தூக்கில் கொக்கியில் மாட்ட வேண்டும். அண்ணன் வெட்டுவான். தூக்குவதும் மாட்டுவதும் என் வேலை. ஏழாவதோடு படிப்பை விட்டதிலிருந்து எனக்குத் தெரிந்தது அதுதான்.

அன்றைக்கும் தூக்கினேன். கொக்கி தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

கண் திறந்தபோது தரையில் கிடந்தேன். ஆடு என் நெஞ்சின் மேல் கிடந்தது.

"பாய், யாராவது சோடா வாங்கிட்டு வாங்களேன்," என்றார் டீச்சரம்மா.

"ஆட்டக் கீழ போட்டியாடா?" என்றான் அண்ணன். பயந்தால் அவன் அப்படித்தான் பேசுவான்.

"போடல. என் மேலதான் கீது."

லாரிக்காரர் சிரித்துவிட்டார். என் மனைவி சிரிக்கவில்லை. கல்லாவை இழுத்துப் பூட்டினாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு எங்கள் கல்லா பூட்டப்பட்டது அதுதான் முதல் தடவை.

மூச்சு வாங்குவது ஏற்கெனவே இருந்தது. இரண்டு வருஷமாக இருந்தது. மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று செருப்பைச் சரி செய்வதுபோல் குனிவேன். அது அவளுக்குத் தெரியும். தெருமுனை க்ளினிக்கில் இழுப்பு என்று ஒரு மருந்து கொடுத்தார்கள். இழுத்தேன். மூச்சு அப்படியேதான் இருந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

விழுந்த பிறகு ஆஸ்பத்திரியில் நெஞ்சில் பசை தடவி எக்கோ எடுத்தார்கள். எடுத்த பெண் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்துபோய் டாக்டரைக் கூட்டிவந்தாள். நுரையீரலுக்கு ரத்தம் போகிற குழாயில் பிரஷர் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். அந்தப் பிரஷரோடு மல்லுக்கட்டி இதயத்தின் வலது பக்கம் வீங்கிவிட்டது என்றார்.

"கைல பட்டி கட்டிப் பாத்தாங்களே சார், நல்லாதான கீதுன்னாங்க?" என்றான் அண்ணன்.

"அது வேற பிரஷர், இது வேற. இது நுரையீரலுக்குள்ள."

"இன்னாத்துக்கு வந்திச்சு?"

"சில பேருக்குக் காரணம் கிடைக்காது. மாத்திரை தர்றேன். கனம் தூக்க வேண்டாம்."

"எத்தினி நாளைக்கு?" என்று நான் கேட்டேன்.

"இனிமே தூக்க வேண்டாம்."

அன்றைக்கு மற்றது எதுவும் என் காதில் ஏறவில்லை. அதுதான் ஏறியது. ஆடு தூக்காமல் நான் கடையில் என்ன? ஈ ஓட்டவா? நான் வெளியே வந்த பிறகு என் மனைவி உள்ளே நின்று டாக்டரிடம் ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள், அவர் என்ன சொன்னார் என்று அவள் எனக்குச் சொன்னது ஒரு வருஷம் கழித்துத்தான். நான் ஐந்து வருஷம்கூட இருப்பேன் என்று சொல்ல முடியாது என்றாராம். அந்த ஒரு வருஷமும் அவள் முகத்தில் அது எழுதியிருக்கவில்லை. என்னைவிடக் கெட்டி.

மாத்திரையில் ஒரு கூத்து. நுரையீரலுக்குக் கொடுக்கிற அந்த மாத்திரை ஆம்பளைகளுக்கு வேறொரு விஷயத்துக்கும் கொடுப்பதாம். மெடிக்கல் ஷாப்காரர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"தினம் மூணு வேளையா பாய்?"

"ஆமா."

"மூணு வேளையும்?"

அண்ணன் பக்கத்தில் நின்று இருமினான். வீடு வரும்வரை இருமிக்கொண்டே வந்தான்.

நெஞ்சில் கோளாறு என்றால் எங்கள் வீட்டில் ஒரே வைத்தியம், நெஞ்செலும்பு சூப். ஆட்டின் நெஞ்செலும்பை மிளகு, சீரகம் தட்டிப் போட்டு வேகவைத்து, எலும்பு கரைகிற அளவுக்குக் கொதிக்கவிட்டுக் குடிப்பது. சளிக்கு, இருமலுக்கு, பிரசவத்துக்குப் பிறகு, எல்லாவற்றுக்கும் அதுதான். கறிக்கடைக்காரன் வீட்டில் அதற்கு என்ன பஞ்சம்? அண்ணன் தினமும் முதல் ஆட்டின் நெஞ்செலும்பைத் தனியாக எடுத்து வைத்தான். கூடவே ஈரல், சுவரொட்டி என்கிற மண்ணீரல். வாடிக்கையாகக் கேட்கிறவர்களுக்குக் கை விரித்தான்.

"நெஞ்செலும்பு இல்லியா பாய்?"

"தம்பிக்கு."

"நேத்தும் தம்பிக்குன்னீங்க?"

"நாளைக்கும் தம்பிக்குதான். தொடை எடுத்துக்கினு போ சார்."

காலையில் சூப். மதியம் ஈரல். சாயந்தரம் மறுபடி சூப். அண்ணி ஒரு தூக்கு அனுப்புவாள், தாம்பரத்திலிருந்து மாமியார் ஒரு தூக்கு கொண்டு வருவார். வேண்டாம் என்று சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. குடித்தேன்.

எனக்குக் கறி ஒத்துக்கொள்ளாது. இதை இங்கே சொல்லிவிட வேண்டும். சின்ன வயதிலிருந்தே இரண்டு துண்டுக்கு மேல் சாப்பிட்டால் தலை கிறுகிறுத்துத் தூக்கம் வரும். சும்மா தூக்கம் இல்லை. உலுக்கினாலும் எழுந்திருக்காத தூக்கம். என் கல்யாணத்தில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு மேடையில் மாலையோடு உட்கார்ந்தவன், பெண் வீட்டார் சலாம் சொல்ல வரிசையில் வந்தபோது வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தேன். போட்டோ இருக்கிறது. கறிக்கடைக்காரன் கறி தின்றால் கவிழ்ந்துவிடுவான் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். அதனால் நான் கறியைத் தொடுவது குறைவு. ரசம் சோறு போதும். ஆனால் இப்போது மருந்து என்று கொடுக்கிறார்கள். மருந்தை மாட்டேன் என்று சொல்லலாமா?

அந்த வருஷம் பக்ரீத் வந்தது. எங்கள் தொழிலுக்கு அதுதான் பெரிய நாள். தொழுகை முடிந்ததும் வீடு வீடாகக் கூப்பிடுவார்கள். ஆட்டை அறுத்து, தூக்கி மாட்டி, உரித்து, மூன்று பங்காக வெட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். கீழ்க்கட்டளை, பல்லாவரம், மேடவாக்கம் என்று நானும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் போவோம். சாயந்தரம் யார் எத்தனை என்று கணக்கு. ஒவ்வொரு வருஷமும் நான்தான் ஜெயிப்பேன். அண்ணனுக்கு அதில் ரோஷம் உண்டு.

அந்த வருஷம் நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கத்தி தீட்டினேன். சாயந்தரம் அண்ணன் வந்து கணக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மூச்சோடு புத்தியும் கெட ஆரம்பித்தது. அரைக் கிலோ கேட்டவருக்கு இரண்டு கிலோ போட்டேன். கத்தியை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். சட்டையைப் புறம் மாற்றிப் போட்டுக்கொண்டு ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினேன். ஒருநாள் வீட்டுக்குப் போகிற வழி தெரியாமல், எங்கள் தெருமுனையிலேயே நின்றேன். பேங்க் சார்தான் கூட்டிக்கொண்டு வந்து விட்டார்.

"மாத்திரைதான் மண்டைய கலக்குது. நிறுத்துடா," என்றான் அண்ணன்.

"மாத்திரைய நிறுத்தினா நான் இவரை வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவேன். நிறுத்தலைன்னாலும் கூட்டிட்டுப் போவேன்," என்றாள் என் மனைவி.

கூட்டிக்கொண்டு போனாள். தாம்பரம் தாண்டி, பெருங்களத்தூர் நெரிசலில் ஒரு மணி நேரம் நின்று, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. நுரையீரலுக்கு என்று தனி டாக்டர். பெண். வயது குறைவு, குரல் கணீரென்று. படுக்கையில் சேர்த்துக் காரணம் தேட வேண்டும் என்றார். ரத்தம் எடுத்தார்கள், ஊதச் சொன்னார்கள், நடக்கச் சொன்னார்கள். மூன்று நாள் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சாப்பாடு இட்லி, மோர்ச்சோறு. நான் கொஞ்சம் தெளிவாக இருந்ததாக மனைவி சொன்னாள். ஆஸ்பத்திரி ராசி என்று நினைத்தாளாம்.

நாலாம் நாள் அண்ணன் வந்தான். பெரிய ஃப்ளாஸ்க். நெஞ்செலும்பு சூப்.

"காஞ்சி பூட்டியேடா. முழுசா குடி."

முழுசாகக் குடித்தேன். மறுநாள் காலை டாக்டர் வந்தபோது நான் கட்டிலில் சரிந்து உட்கார்ந்திருந்தேனாம். இது என்ன கிழமை என்று கேட்டாராம். நான் "கால் கிலோ" என்றேனாம்.

டாக்டர் சிரிக்கவில்லை. "ரெண்டு கையையும் முன்னாடி நீட்டுங்க. பஸ்ஸை நிறுத்தற மாதிரி," என்றார். நீட்டினேன். அது எனக்கே ஞாபகம் இருக்கிறது. கை நிற்கவில்லை. கோழி இறக்கை அடிப்பதுபோல் மணிக்கட்டு அடித்துக்கொண்டது.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே பேசினார்? நேத்து புதுசா என்ன சாப்பிட்டார்?"

அண்ணன் ஃப்ளாஸ்க்கைப் பின்னால் மறைத்தான். அவ்வளவு பெரிய ஃப்ளாஸ்க் எங்கே மறையும்?

"சூப்புதாங்க," என்றாள் என் மனைவி. "அவருக்குக் கறின்னாலே இப்படித்தான். எங்க கல்யாணத்தன்னிக்கே மேடையில தூங்கினவரு. எங்க வீட்ல இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

"எப்பலேர்ந்து இப்படி?"

"சின்னதுலேர்ந்தே இவன் அப்படித்தாம்மா," என்றான் அண்ணன். "கறி துன்னா கவுந்துடுவான். எங்க அத்தா, அதாம்மா எங்கப்பா, அவரு கூட சொல்லுவாரு, இவன் ஐயரு வூட்ல பொறக்க வேண்டியவன்னு."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாலு நாளில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் மறுபடி சொல்லச் சொன்னார். கல்யாண மேடை, ஈரல், சுவரொட்டி, தெருமுனையில் வழி தெரியாமல் நின்றது. ஊரே சிரித்த கதையை அவர் மட்டும் சிரிக்காமல் கேட்டார். பிறகு எழுந்து, "இவ்வளவு நாள் எல்லாரும் நெஞ்சையே பாத்துட்டு இருந்தோம். வயித்தப் பாக்கணும்," என்றார்.

ரத்தத்தில் அமோனியா பார்த்தார்கள். எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள். மறுநாள் சாயந்தரம் டாக்டர் ஒரு வெள்ளைத் தாளோடு வந்து கட்டில் ஓரத்தில் வைத்து வரைந்தார்.

"இது குடல். குடல்லேர்ந்து வர்ற ரத்தம் முதல்ல கல்லீரலுக்குப் போகணும். அங்க சுத்தமாகித்தான் இதயத்துக்குப் போகும். உங்களுக்குப் பிறவியிலேயே ஒரு ரத்தக்குழாய் தப்பா இருக்கு. குடல் ரத்தத்தைக் கல்லீரலுக்கு விடாம, நேரா இதயத்துக்குப் போற பெரிய குழாய்ல கொண்டுபோய்ச் சேர்க்குது. சுத்தமாகாத ரத்தம் மூளைக்குப் போனா தூக்கம், குழப்பம். நுரையீரலுக்குப் போய்ப் போய் இந்தப் பிரஷர். ரெண்டும் ஒரே வியாதி."

நான் தாளைப் பார்த்தேன். ஈரலை எத்தனை ஆயிரம் தடவை கையில் எடுத்திருப்பேன். "ஆட்டுக்கு இப்படி இருக்காதே?" என்றேன்.

"மனுஷனுக்கும் இருக்கக் கூடாது," என்றார் டாக்டர்.

"சரி பண்ண முடியுமா?"

"அந்தக் குழாயை அடைச்சிட்டா ரத்தம் கல்லீரலுக்குப் போகும். ஆனா ஒண்ணு. இவ்வளவு வருஷம் ரத்தம் போகாத கல்லீரல். உள்ள சின்னக் குழாய்கள் இருந்தாத்தான் தாங்கும். இல்லைன்னா அடைக்க முடியாது. அது உள்ள போய்ப் பாத்தாத்தான் தெரியும். அடைச்சாலும் நுரையீரல் பிரஷர் எல்லாருக்கும் இறங்கறதில்ல. உங்களுக்கு இறங்கலாம்."

"எறங்கினா ஆடு தூக்கலாமா?"

டாக்டர் பேனாவை மூடினார். "முதல்ல சாம்பார் சாப்பிடுங்க," என்றார்.

ஆபரேஷன் நாள்வரை கறி கூடாது, முட்டை கூடாது. கறிக்கடை பாய் வீட்டில் தினம் சாம்பார். மனைவிக்குப் பக்கத்து வீட்டு ஆபீஸர் அம்மா வெண்டைக்காய்ச் சாம்பாருக்குப் பக்குவம் சொல்லிக் கொடுத்தார். அண்ணன் வாசலில் நின்று மோந்து பார்ப்பான்.

"இன்னாம்மா, கல்யாண வூடு மாதிரி கீது வாசனை. யாருக்குப் பூணூலு?"

"உங்க தம்பிக்குத்தான். வந்து ஒரு கை பிடிங்க."

"எனக்கு வாணாம். நான் நல்லாக்கீறேன்."

பத்து நாளில் என் தலை தெளிந்தது. மூச்சு அப்படியேதான். ஆனால் கிழமை தெரிந்தது. தெரு தெரிந்தது. சூப் கொடுத்ததற்கு அண்ணன் வருத்தப்பட்டானா? நெஞ்செலும்பை மறுபடி வாடிக்கைக்குப் போட ஆரம்பித்தான். பேங்க் சார் கேட்டதற்கு, "தம்பிக்கு வாணாமாம். நீ எடுத்துக்கோ சார்," என்று இரண்டு பங்கு போட்டுவிட்டான். அந்தச் சூப் இல்லாவிட்டால் யாரும் வயிற்றைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நான் சொன்னேன். அவன் கட்டையைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தான். தேய்த்துக்கொண்டே இருந்தான்.

அடைக்கிற நாள். கழுத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, அந்த வழியாக ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டார்கள். நான் விழித்திருந்தேன். மேலே டி.வி. மாதிரி ஒரு திரை. என் வயிறு அதில் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. முதலில் ஒரு சின்ன பலூனை ஊதி அந்தக் குழாயைத் தற்காலிகமாக அடைத்தார்கள். இனி கல்லீரல் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஒருவர் குடல் பக்கத்துப் பிரஷரின் எண்ணைப் படித்துக்கொண்டிருந்தார்; அது ரொம்ப ஏறினால் அடைக்க முடியாது. எண் ஏறியது. கொஞ்சம் ஏறியது. நின்றது. குழாய்கள் திரையில் தெரிவதற்கான மருந்தைச் செலுத்தினார்கள். திரையில் கல்லீரல் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு கோடு. கோட்டிலிருந்து இரண்டு. அப்புறம் முருங்கைமரத்துக் கிளை மாதிரி மெல்லிசு மெல்லிசாக நிறைய.

"இருக்கு!" என்று கத்தினார் திரைக்குப் பக்கத்தில் நின்ற டாக்டர். ஆபரேஷன் ரூமில் டாக்டர் கத்துவதை நான் கேட்டது அன்றைக்குத்தான். "குழாய் எல்லாம் இருக்கு பாய்! தாங்குது!"

பலூனை எடுத்துவிட்டு, கம்பி வலையில் செய்த ஓர் அடைப்பானை அங்கே நிரந்தரமாக வைத்தார்கள். வெளியே அண்ணனிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடம் சொன்னானாம்: "ஊர்ல எல்லாரும் அடைப்ப எடுக்க ஆஸ்பத்திரி வரான். என் தம்பி அடைப்பு வெச்சுக்கினு வரான்."

செலவைப் பற்றி எழுதப் போவதில்லை. அண்ணன் பார்த்துக்கொண்டான்.

பிறகு ஆறு மாதம் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. அது தின்கிறவன் கத்தி தொடக் கூடாது. வெட்டுப்பட்டால் ரத்தம் நிற்காது. அண்ணன் என் கத்திகளை எங்கே ஒளித்தான் என்று இன்றுவரை தெரியாது. தராசில் நின்றேன். அரைக் கிலோ கேட்டால் அரைக் கிலோ போட்டேன்.

"சரியா கீதா பாய்?" என்பார் லாரிக்காரர், தராசைக் குனிந்து பார்த்து. "முன்ன மாதிரி ரெண்டு கிலோ போட மாட்டியா? அப்பதான் நீ நல்லவன்."

மூன்று மாதத்தில் படிக்கட்டில் செருப்பைச் சரி செய்வதை விட்டேன். ஆறு மாதத்தில் எக்கோ எடுத்த பெண் நடுவில் எழுந்து போகவில்லை, பேசிக்கொண்டே எடுத்தாள். பிரஷர் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. இதயம் சுருங்கி அதன் அளவுக்கு வந்துகொண்டிருந்தது. மூன்று வேளை மாத்திரை ஒரு வேளை ஆனது. மெடிக்கல் ஷாப்காரர், "ஏன் பாய், போதுமா?" என்றார்.

அடுத்த பக்ரீத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது டாக்டரிடம் கேட்டேன்.

"ஆடு தூக்கலாமா?"

"எவ்வளவு வெயிட்?"

"உயிரோட முப்பது வரும். உரிச்சா பதினஞ்சு."

"ஆடு தூக்கலாமான்னு விடாம கேட்ட ஒரே பேஷண்ட் நீங்கதான்," என்றார். நடக்கவைத்துப் பார்த்தார். விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தார். "தூக்குங்க. மூச்சு வாங்கினா நிறுத்தணும். கறியும் சாப்பிடலாம்."

வெளியே வந்ததும் மனைவி ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்தில் நின்று அழுதாள். அப்போதுதான் அந்த ஐந்து வருஷக் கதையைச் சொன்னாள். நான் அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன்.

பக்ரீத் காலையில் தொழுதுவிட்டு வந்தபோது என் கத்திகள் வாசலில் தீட்டி வைக்கப்பட்டிருந்தன. அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு பண்ணு. மூணு பண்ணு. அதோட வூட்டுக்கு வந்துடு."

"சரி."

முதல் வீட்டில் முதல் ஆடு. பிஸ்மில்லா சொல்லி அறுத்தேன். தூக்கினேன். கொக்கி தெரிந்தது. மாட்டினேன். கொக்கி அப்போதும் தெரிந்தது.

மதியம் வீட்டுக்கு வந்தோம். மனைவி தட்டில் சோறு போட்டு நாலு துண்டு கறி வைத்தாள். அண்ணி எட்டிப் பார்த்தாள். அண்ணன் தன் தட்டை விட்டுவிட்டு என் வாயையே பார்த்தான். நாலையும் தின்றேன். இன்னும் இரண்டு கேட்டேன். அதையும் தின்றேன். கை கழுவிவிட்டு வந்தேன். எல்லோரும் என் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தூக்கம் வருதா மச்சான்?" என்றாள் மனைவி.

"இல்ல."

"கைய நீட்டு," என்றான் அண்ணன். பஸ்ஸை நிறுத்துவதுபோல் நீட்டினேன். கை நின்றது.

அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தான். கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்து குறட்டை விட்டான். வயிறு முட்டத் தின்றிருந்தான். மேடவாக்கத்திலிருந்தும் பல்லாவரத்திலிருந்தும் அவனுக்குத்தான் போன் வந்துகொண்டிருந்தது. போனை எடுத்து நானே பேசினேன். அவன் வண்டியையும் எடுத்துக்கொண்டு போனேன்.

சாயந்தரம், அஸர் தொழுகை நேரத்துக்குப் பிறகு திரும்பி வந்தேன். சட்டையெல்லாம் ரத்தம். மூச்சு மூக்கு வழியாகத்தான் போய் வந்தது. வண்டி நிறுத்தும் சத்தத்தில் அண்ணன் விழித்தான். சுற்றிப் பார்த்தான். வெயில் இறங்கியிருந்தது.

"ஐயோ, போன் வந்துச்சாடா?"

"வந்திச்சு. போயிட்டு வந்தேன்."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்."

என் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தான். பிறகு போன வருஷம் கேட்காததைக் கேட்டான்.

"நான் ஏழு. நீ எத்தினிடா?"

"பதினொண்ணு."